வண்டி வராத ரோடு

சனி, ஞாயிறுகளில் இப்போது மலைமேல் எங்கள் ஒண்டிக்கடைப் பக்கம் சைக்கிள்காரர்கள் வருகிறார்கள். தலையில் ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய பளபளப்பான சட்டை, ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம் போன்ற மெல்லிய சைக்கிள். எங்கள் கடையில் டீ குடித்துவிட்டு, "அக்கா, வண்டி அதிகம் வராத ரோடு எது?" என்று கேட்பார்கள். நான் புது ஆட்களிடம் பேசக் கூச்சப்படுகிறவள். கிழக்கே குப்பனூர்ப் பக்கம் இறங்கும் ரோட்டைக் கையால் காட்டிவிட்டு டம்ளர் கழுவப் போய்விடுவேன். அந்த ரோட்டில் உங்களுக்கெல்லாம் முன்னாலேயே எங்கள் அம்மா சைக்கிள் ஓட்டியிருக்கிறாள் என்று சொல்ல ஆசைதான். சொன்னதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மலைமேல் போய் சைக்கிள் கடை போட்டவர் என்று உறவில் அவரைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனாலும் சீசனில் ஏரியைச் சுற்றி ஓட்ட ஆட்கள் வருவார்கள். மொத்தம் ஏழு சைக்கிள். ஏழாம் நம்பர் மட்டும் நடுவில் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள். கேட்க ஆளில்லாமல் அது எப்போதும் சுவரில் சாய்ந்தே நிற்கும்.

அம்மா பிறந்தது மலைக்குக் கீழே, அயோத்தியாப்பட்டணம் பக்கத்தில் ஒரு தறிக்கார வீட்டில். அவளுக்கு பஸ் ஆகாது. மலையிறங்க இருபது கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது வளைவிலேயே முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொள்வாள். பிறந்த வீட்டுக்குக் கடைசியாகப் போனபோது இரண்டு நாள் எழுந்திருக்காமல் கிடந்தாளாம். அதோடு அப்பா முடிவு சொல்லிவிட்டார்.

"பஸ்ஸுல ஏறுனா உனக்குப் பாதி உசுரு போயிருது. அங்க போயி நீ படுத்துக்கிட்டா அவிங்களுக்குத்தான தொந்தரவு? உங்கப்பாவ இங்க வரச் சொல்லு."

அவர் சொன்னதில் அக்கறை இல்லாமல் இல்லை. அம்மாவின் அப்பாவை நாங்கள் அப்பிச்சி என்போம். அப்பிச்சியும் மாதம் ஒருமுறை பொரி உருண்டையோடு மேலே வந்துகொண்டுதான் இருந்தார். பிறகு அவருக்கு ஒரு காலும் கையும் விழுந்துவிட்டன. வருவது நின்றுபோனது. அம்மா அவரைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

காபிப் பழம் பறித்து முடிந்து, எஸ்டேட்டுகளில் செடிகளின் கொப்புகளை வெட்டிக் கவாத்து செய்யும் சமயம் அது. ஒரு மத்தியானம் அப்பா சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். அம்மா சத்தமில்லாமல் ஏழாம் நம்பரைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"வா கண்ணு, வெளையாடப் போலாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா விளையாடி நான் பார்த்ததே இல்லை. எஸ்டேட் கேட் தாண்டி, சமதளமான ஓர் இடத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். "உட்றாத சாமி, உட்றாத!" என்று கத்திக்கொண்டே போய் காபிச் செடிக்குள் விழுந்தாள். விழுந்தவள் எழாமல் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கேட்டில் நின்ற வாட்ச்மேன், "ஏனுங்க, எங்க எஸ்டேட்டுச் செடிய மிச்சம் வெச்சுட்டுப் போங்க" என்றார்.

ஒரு மாதத்தில் அம்மா என்னைக் கேரியரில் உட்கார வைத்து ஓட்டினாள். வாரத்தில் இரண்டு மத்தியானம் எங்களுக்கு அந்த ரோடு. இருபுறமும் சில்வர் ஓக் மரங்கள், மரத்துக்கு மரம் மிளகுக்கொடி. வழியில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பழைய பங்களா, பூட்டியே கிடக்கும், ஓட்டின்மேல் புகைபோக்கி மட்டும் நிமிர்ந்து நிற்கும். அதைத் தாண்டினால் குதிரைகளுக்குத் தண்ணீர் வைத்த கல்தொட்டி. மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் துரைமார்கள் குதிரையிலும் டோலியிலும் ஏறி வந்த தடம் இது என்று வாட்ச்மேன் சொல்லுவார். தொட்டியில் இப்போது தவளைகள் இருந்தன. நாள் முழுக்க நின்றாலும் ஓர் எஸ்டேட் ஜீப் வந்தால் உண்டு. செயின் ஓடும் சத்தம், குருவிச் சத்தம், அம்மா மூச்சு விடும் சத்தம், அவ்வளவுதான். அவள் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு நான் அப்படியே போய்க்கொண்டிருக்க ஆசைப்பட்டேன். இன்றைக்கும் அந்த ஆசை போகவில்லை.

ரோடு சரியத் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் பாலம் உண்டு. அங்கே எப்போதும் இறங்கிவிடுவாள். பாலத்துச் சுவரில் உட்கார்ந்து கீழே பார்ப்பாள். தூரத்தில் சமவெளி, வெயிலில் ஓர் ஏரி, பொடிப்பொடியாகத் தென்னைகள்.

"அந்த ஏரிக்கு இந்தாண்ட ஒரு புளியந்தோப்பு தெரியுதா கண்ணு? அதுக்குப் பின்னாடிதான் நம்ம அப்பிச்சி ஊடு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொல்லிவைத்தேன்.

மெயின் ரோட்டில் ஏன் ஓட்டுவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். அங்கே பஸ் கண்டக்டர், ஜீப் டிரைவர் எல்லோருக்கும் எங்களைத் தெரியும். "ஏனுங்க, எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்காமல் யாரும் தாண்டமாட்டார்கள். அம்மா, "இங்க யாரும் நம்மள ஒண்ணும் கேக்கமாட்டாங்க சாமி" என்றாள். லாரிக்குப் பயப்படுகிறாள், அதைச் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் காலை அப்பா டியூப் வாங்க சேலம் போனார். அவர் பஸ் ஏறிய கையோடு அம்மா ஒரு பையை எடுத்து ஹேண்டில்பாரில் மாட்டினாள். பையில் ஆரஞ்சும் காபித்தூளும் ஒரு புது வேட்டியும் இருந்தன. எனக்குத் திருவிழாவுக்கு எடுத்த உடுப்பைப் போட்டுவிட்டாள். பாலத்துக்கு வந்ததும் வழக்கம்போல் உட்காரவில்லை. ரோட்டோரம் கவாத்து வெட்டிப் போட்டிருந்த காபிக் கொப்புகளில் பெரிதாக நாலைந்தை எடுத்துக் கட்டி, கயிற்றில் கேரியருக்குப் பின்னால் பிணைத்தாள். மலையில் சைக்கிளில் இறங்குகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். கொப்பு தரையில் இழுபட்டுக்கொண்டே வந்து வண்டியை ஓடவிடாமல் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மட்டும் நம்பி மலையிறங்க முடியாது.

"எங்கம்மா போறோம்?"

"கெட்டியாப் புடிச்சுக்க."

முதல் வளைவு ஆனந்தமாக இருந்தது. கொப்புகள் புழுதியைப் பெருக்கிக்கொண்டு சரசரவென்று பின்னால் வந்தன. இரண்டாவது வளைவும் நன்றாகவே போனது. ஆனால் மலைக்காரர்கள் கட்டுவது அப்போதுதான் வெட்டிய பச்சைக் கொப்பு. அம்மா கட்டியது வெட்டி வாரக்கணக்கில் காய்ந்துபோன கொப்பு. சமவெளிப் பெண்ணுக்கு அது தெரிய வழியில்லை. மூன்றாவது வளைவுக்குள் அது கொஞ்சம் கொஞ்சமாக முறிந்து, கடைசியில் வெறும் கயிறுதான் துள்ளிக்கொண்டு வந்தது. சைக்கிள் ஓட ஆரம்பித்தது. பிரேக் கட்டை தேய்ந்து ரப்பர் நாற்றம் அடித்தது. அம்மா ஹேண்டிலை மேட்டுப் பக்கம் ஒடித்து உன்னிச்செடிப் புதருக்குள் விட்டாள்.

இருவருக்கும் சிராய்ப்புதான். பை கிழிந்து ஆரஞ்சுகள் சிதறின. சில பக்கத்திலேயே நின்றன. மற்றவை ரோட்டின் சரிவில் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே உருண்டு, வளைவில் மறைந்து போயின. அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சைக்கிளை நிமிர்த்தினாள். சக்கரம் சுற்றவில்லை.

"நடந்து போயிரலாமா சாமி? எறக்கந்தான்."

நான் முழங்காலைப் பார்த்தேன், ரத்தத்தைப் பார்த்தேன், ஓவென்று அழுதேன். "நான் வரமாட்டேன். ஊட்டுக்குப் போலாம். அப்பா வேணும்." அம்மா கொஞ்சநேரம் என் முழங்காலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சைக்கிளை மேல்பக்கமாகத் திருப்பினாள்.

சுற்றாத சக்கரத்தைத் தூக்கித் தூக்கித் தள்ளிப் பாலத்துக்கு வருவதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. அங்கே அப்பா நின்றிருந்தார். மத்தியான பஸ்ஸில் திரும்பியவர், வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டு அங்கே வந்து, புழுதியில் கொப்பு இழுபட்ட கோடு கீழே இறங்குவதைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். முதலில் சைக்கிளைப் பார்த்தார்.

"ரிம்மு கோணிப் போச்சு" என்றார்.

பிறகு என் உடுப்பைப் பார்த்தார். கிழிந்த பையில் தெரிந்த வேட்டியைப் பார்த்தார். சைக்கிளை அவரே தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். எஸ்டேட் கேட்டில், கேரியரில் தொங்கிய வெறும் கயிற்றைப் பார்த்துவிட்டு வாட்ச்மேன் மட்டும், "பச்சக் கொப்புக் கட்டோணுமுங்க அம்மிணி" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அப்பா கடையைத் திறந்ததும் முதல் வேலையாக ஏழாம் நம்பரை எடுத்தார். ரிம்மை நிமிர்த்தி, முன்னுக்கும் பின்னுக்கும் புது பிரேக் கட்டை போட்டு, சீட்டையும் ஓர் அங்குலம் இறக்கினார். சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே, "ஞாயித்துக்கெழம எல்லாரும் போயிட்டு வரலாம்" என்றார். அம்மா தலையசைத்தாள். ஒரு ஆளுமே எடுக்காத சைக்கிளுக்கு எதற்குப் புது பிரேக் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கீழேயிருந்து ஆள் வந்தார். அப்பிச்சி விடியற்காலையில் போய்விட்டார்.

அடுத்த பஸ்ஸிலேயே இறங்கினோம். அப்பா அம்மாவுக்கு ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்து, மோந்து பார்க்க ஓர் எலுமிச்சம்பழமும் கொடுத்தார். நான் வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். இரண்டு, ஐந்து, பத்து. அம்மா முந்தானையைத் தொடவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். அடிவாரம் வந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "பாத்தியாம்மா, உனக்கு ஒண்ணுமே ஆகல! பஸ்ஸுலயே போயிருக்கலாமில்ல?" என்றேன்.

முன் சீட்டில் இருந்த அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா கையை விரித்து எலுமிச்சம்பழத்தை என்னிடம் கொடுத்தாள். நான் அதை மடியில் உருட்டி விளையாடிக்கொண்டே அப்பிச்சி வீடு போய்ச் சேர்ந்தேன்.