ஏகமனதாக ஒரு நோட்டீஸ்

அந்த நாளில் நான் சமதர்மவாதி. மயிலாப்பூரில் சமதர்மவாதியாக இருப்பது அப்படியொன்றும் கஷ்டமான காரியமில்லை. லஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மாடி, ஒரு ஜமக்காளம், நாலரை மணிக்குக் காபி, இவ்வளவு போதும். மூன்று வருஷத்தில் எங்கள் குழு மூன்று தடவை கட்சி மாறியது. மாடியும் ஜமக்காளமும் காபியும் மாறவில்லை. கடிதத் தாளின் தலைப்பு மட்டும் மாறியது.

மூன்று தலைப்புகளையும் அச்சுக் கோத்தவர் ஒரே ஆள். நான் எழுதிக்கொண்டிருந்த வாரப் பத்திரிகையின் அச்சாபீஸில் கம்பாஸிட்டர். என் கையெழுத்து எனக்கே புரியாதபோது அவரிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்வேன். அச்சுத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியவர் அவர், தலைவர் நான். சங்கம் என்றால் தலைவர் வெளியிலிருந்து அங்கவஸ்திரத்தோடு வர வேண்டும் என்பது அன்றைய வழக்கம். ஈய எழுத்தைத் தொட்டுக் கறுத்த விரல்காரர் தலைவராகலாம் என்று எங்களுக்குத் தோன்றியதில்லை. அவர்களுக்குத் தோன்றியதா என்று நாங்கள் கேட்டதில்லை.

கூட்டத்தில் அவரைத் "தோழரே, நீங்கள்" என்பேன். மறுநாள் அச்சாபீஸில் "ஏம்பா, புரூஃப் எடுத்தியா?" என்பேன். அவர் இரண்டு இடத்திலும் என்னை "சார்" என்றே அழைத்தார்.

சட்டசபையில் தொழிலாளருக்கென்று சில ஸ்தானங்கள் ஒதுக்கினார்கள். தேர்தலும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடி அவரையே நிறுத்துவதென்று முடிவு செய்தது. ஐந்து பேர் கொண்ட கமிட்டியில் அவர் ஐந்தாவது. அவருக்கு வேலையில்லாத நாள் என்பதால்தான் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். பிரேரேபித்தவன் நான். பேசும்போது என் குரல் தழுதழுத்தது. அதை நானே ரசித்தேன்.

மறுநாளே அச்சாபீஸில் கேலி தொடங்கிவிட்டது. "இன்னா நைனா, சட்டசபைல பீடி புடிக்க வுடுவாங்களா? கேட்டுக்கினு வா" என்றார் மிஷின் ஓட்டுகிறவர். கம்பாஸிட்டர் சிரித்தபடி வேலையைப் பார்த்தார். ஆனால் அவர் மனைவி சட்டசபைக்கென்று அவருக்குத் திருவல்லிக்கேணியில் ஒரு கோட்டுத் தைக்கக் கொடுத்திருந்தாள். தொழிற்சாலைச் சட்டப் புத்தகத்தை என்னிடம் இரவல் வாங்கிப்போனவர், ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது சொன்னார்:

"ஈயம் காச்சுற ரூம்புக்கு ஒரு ஜன்னல் வோணும் சார். உள்ள நிக்கிறவன் இருமிக்கினே கீறான். சட்டத்துல எழுதினாத்தான் மொதலாளி வெப்பாரு. அத்த ஒண்ணு கேட்டுட்டா போதும், அப்பால என்னிய வூட்டுக்கு அனுப்பிடுங்க."

திங்கட்கிழமை வரை எதிர்க் குழுவில் இருந்த வக்கீல் ஒருவர், புதன்கிழமை நாலரை மணிக் காபிக்கு எங்கள் மாடிக்கு வந்தார். தம்மை நிறுத்தினால் எங்களோடு சேரத் தயார் என்றார். சட்டசபையில் இங்கிலீஷில் பேச வேண்டுமே, கம்பாஸிட்டரால் முடியுமா என்று எங்களில் ஒருவர் கவலைப்பட்டார். அந்த வக்கீலின் இங்கிலீஷ் பிரசங்கங்களைப் புத்தகமாக அச்சுக் கோத்தபோது, கம்பாஸிட்டர் பக்கத்துக்கு இரண்டு பிழை கண்டுபிடித்தது எனக்குத் தெரியும். காபி வாயில் இருந்ததால் சொல்லவில்லை. நான்கு கைகள் உயர்ந்தன. ஒன்று என்னுடையது. ஐந்தாவது கை அந்த நேரத்தில் அச்சாபீஸில் எழுத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

அவரிடம் யார் சொல்வது? "உமக்குத்தான் அவன் ரொம்ப வேண்டியவனாச்சே. நீரே பக்குவமா சொல்லிடும்" என்றார்கள்.

நான் கண்ட பக்குவம் இது: வக்கீலைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று நோட்டீஸ் எழுதி, மறுநாள் காலை அவர் வருவதற்கு முன்பே அச்சாபீஸ் மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வேறு யாராவது கோத்துவிடுவார்கள், விஷயம் தானாக அவர் காதுக்குப் போய்விடும் என்று கணக்கு. என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான் என்பது டிராமில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. இறங்கியிருக்கலாம். ஜன்னலோரத்தில் இடம் கிடைத்திருந்தது.

பிற்பகல் புரூஃப் பார்க்கப் போனேன். அவரே கொண்டுவந்து நீட்டினார்.

"நீங்களே கோத்தீங்களா?" என்றேன். அச்சாபீஸில் அவரை நான் "நீங்கள்" என்றது அதுதான் முதல் தடவை. மிஷின்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

எழுதியவரைக் கேட்காமல் ஒரு வார்த்தையையும் மாற்றமாட்டார். சந்தேகம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவார். அன்றும் போட்டிருந்தார். 'நமது கமிட்டி ஏகமனதாகத் தேர்ந்தெடுத்த' என்ற வரிக்கு எதிரே.

"ஏகமனதாகன்னு போட்டுக்கீது சார். நான் கை தூக்கலியே. இருக்கட்டுமா, எடுத்துடட்டுமா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். அவர் ஒரு காற்புள்ளியைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார்.

"இருக்கட்டும்" என்றேன்.

ரப்பரை எடுத்துக் கேள்விக்குறியை அழித்தார். "வக்கீல் சார்கிட்ட அந்த ஜன்னல் சமாசாரத்த மட்டும் சொல்லிடுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

லஸ்ஸிலிருந்து மந்தைவெளி வரை ஒட்டிய அந்த நோட்டீஸில் ஓர் அச்சுப்பிழைகூடக் கிடையாது. அடுத்த மாதம் அவரும் சங்கத்தில் பாதிப் பேரும், வக்கீல் விட்டுவந்த அதே எதிர்க் குழுவில் போய்ச் சேர்ந்தார்கள். தொழிலாளர் ஒற்றுமைக்கு அவர்கள் துரோகம் செய்துவிட்டதாகக் கண்டனத் தீர்மானம் எழுதியவனும் நான்தான். அதை மட்டும் வேறு அச்சாபீஸில் கொடுத்தேன். என் கையெழுத்து அங்கே யாருக்கும் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக, நானே உரக்கப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.