லாரியை எப்போது அனுப்பக்கூடாது

மனிதருக்கு எழுதும் குறிப்பில் பாதியை விட்டுவிட்டாலும் அவர் ஊகித்துக்கொள்வார். இயந்திரத்துக்கு எழுதும் குறிப்பில் ஒரு வரி விட்டுப்போனால் அந்த ஒரு வரிக்குள் லாரி ஓடிவிடும். என்னைப்போல் இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புதிதல்ல.

நான் எட்டாவது வரை படித்தவன். அடையாறில் ஒரு தண்ணீர் லாரி ஆபீசில் இருபத்தேழு வருடம் நடைக் கணக்கு எழுதினேன். போனில் பேசுவதென்றால் மட்டும் எனக்குக் கூச்சம். முதலாளி பஷீர் பாய், வாடிக்கையாளர் செய்திகளுக்குப் பதில் சொல்ல ‘ஏஜென்ட்’ என்று ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வைக்கலாம் என்றார். செய்து தந்தவள் நிவேதா. அவளுடைய சின்னக் கம்பெனிக்கு இதுதான் முதல் வேலை. ஏஜென்டின் கையில் மூன்று கருவிகள்: ‘லாரி பதிவு’, ‘லாரி எங்கே’, ‘ஆளைக் கூப்பிடு’. எதை எப்போது பயன்படுத்த வேண்டும் என்று எழுதுவதும், எத்தனை முறை சரியாகச் செய்தது என்று எண்ணுவதும் என் பொறுப்பு.

பாய் அவளிடம் சொல்லிவிட்டார்: “ஒத்திகை முடிஞ்சதும் ஒரு வாரம் வுட்டுப் பாப்போம். ஒரு லாரி தப்பா போனாலும் வேணாம்மா, நமக்குப் பழைய போனே போதும்.”

நான்கு லாரி

‘லாரி கேட்டால் பதிவு செய்யவும்’ என்று எழுதியிருந்தேன். ஒத்திகைக்காக, பழைய நோட்டிலிருந்து ஒரு மயிலாப்பூர் முகவரியைப் போட்டு, “லாரி வேணும்”, “லாரி கிளம்பிடுச்சா?”, “லாரி எங்கே?”, “லாரி வருமா வராதா?” என்று நான்கு செய்தி அனுப்பினேன். நான்கையும் பதிவு செய்துவிட்டது.

லாரி நகராது என்றுதான் நிவேதா சொல்லியிருந்தாள். ஆனால் டிரைவர்களின் போன் எண்களை ஏஜென்டிலிருந்து கழற்றிவைக்க மறந்துவிட்டாள். ஒன்றுமே கேட்காத ஒரு மாமி வீட்டு வாசலில் நான்கு லாரி வரிசையாக நின்றன. திரும்பி வந்த டிரைவர் சேகர் என்னிடம் கேட்டான்: “இன்னா நைனா, அந்த மாமி வூட்டுக்குள்ள தெப்பக்குளம் வெட்டிக்கினு கீறாங்களா?”

சந்தேகம்

அடுத்து, ‘சந்தேகம் இருந்தால் ஆளைக் கூப்பிடவும்’ என்று சேர்த்தேன். கூப்பிட வேண்டிய ஆள் நான்தான். ஐம்பது செய்திகளில் முப்பத்தெட்டுக்கு என் போன் அடித்தது. சாயங்காலம் என்றால் எத்தனை மணி? பெரிய லாரி என்றால் எவ்வளவு பெரியது? கோவில் பக்கம் என்றால் எந்தப் பக்கம்?

குறிப்பைத்தான் திருத்த வேண்டும் என்று நிவேதாவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் சிரித்தாள்: “அங்கிள், நீங்க எழுதினதைப் படிச்சுப் படிச்சு அது உங்களை மாதிரியே ஆயிடுச்சு, தானா பேசக் கூச்சப்படுது!”

கட்டாயம்

உண்மையான வாரத்தின் முதல் நாள். பதிவுக் கருவியில் ‘எத்தனை லிட்டர்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘கட்டாயம்’ என்று நானே எழுதியிருந்தேன். அதனால் தி. நகர் மகளிர் விடுதிக் காப்பாளரிடம் ஏஜென்ட் ஐந்து முறை லிட்டர் கேட்டது. கடைசியில் அந்த அம்மா எழுதினார்: “அறுபத்திரண்டு பொண்ணுங்க இன்னிக்குத் தலைக்குக் குளிக்கணும், நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.” அன்றே ‘கட்டாயம்’ என்பதை எடுத்துவிட்டேன்.

ஏழாம் நாள்

ஆறு நாளும் ஒரு லாரிகூடத் தப்பாகப் போகவில்லை. ஏழாம் நாள் நல்ல மழை. வேளச்சேரி அடுக்ககம் ஒன்றிலிருந்து செய்தி வந்தது: “தெருவுல முட்டியளவு தண்ணி நிக்குது. உடனே ஒரு லாரி அனுப்புங்க.” ஏஜென்ட் மறுபேச்சில்லாமல் அனுப்பிவிட்டது. வெள்ளத்துக்கு நடுவே தண்ணீர் லாரி! ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? மனம் கேட்கவில்லை, ஆனாலும் நோட்டில் ‘தவறு 1 – ஏஜென்ட்’ என்று எழுதினேன். பாய் பார்த்துவிட்டு, “கணக்கு கணக்குதான்மா” என்றார். நிவேதா லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள்.

அப்போது என் போன் அடித்தது. அந்த அடுக்ககத்தின் சங்கச் செயலாளர், ஒரு பெண்மணி. திட்டு வாங்கத் தயாராகி, “மன்னிக்கணும்மா, வெள்ளத்துல போய் லாரி அனுப்பிட்டோம்” என்றேன்.

“எதுக்கு சார் மன்னிப்பு? சம்ப்புத் தொட்டியில சாக்கடை கலந்து ரெண்டு நாளாச்சு, இப்பத்தான் உங்க லாரியில குடம் குடமா பிடிச்சிக்கிட்டிருக்கோம். நாலு கம்பெனிக்குப் போன் போட்டேன், ‘வெள்ளத்துல தண்ணி லாரியா’ன்னு சிரிச்சுட்டு வச்சுட்டாங்க. உங்க ஆபீஸ்ல சிரிக்காம பதில் போட்டாரே ஒருத்தர், அவர்கிட்ட குடுங்க, தேங்க்ஸ் சொல்லணும்.”

அந்த வாரம் வந்த செய்திகள் இருநூற்றுப் பன்னிரண்டு, தவறு ஒன்று என்ற கணக்கில் மாற்றமில்லை. ‘ஏஜென்ட்’ என்பதை மட்டும் அடித்துவிட்டு அங்கே என் பெயரை எழுதிவிட்டேன்.