இரவல் நாற்காலி

விருந்தாளி வருகிறார் என்றால் பிச்சையம்மாளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் முடித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பஸ்ஸில் நின்றே வருகிறவள். புருஷன் போன பிறகும் அந்த உபசாரக் குணம் மட்டும் போகவில்லை. அதுதான் 1988இல் மகள் முத்துப்பேச்சியின் படிப்பில் மண்ணைப் போடப் பார்த்தது.

முத்துப்பேச்சிக்கு மதுரையில் காலேஜ் சீட் கிடைத்திருந்தது. உதவித்தொகை வந்தால்தான் சேர முடியும். அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். விசாரிக்க வீட்டுக்கே ரெவின்யூ இன்ஸ்பெக்டர் உக்கிரபாண்டி வருவதாகத் தகவல் வந்தது.

ஆபீசரை வெறுந்தரையிலா உட்காரவைப்பது? அக்கம்பக்கத்திலிருந்து கிருபாபாய் வீட்டு டேபிள் ஃபேன், சீனியம்மாள் வீட்டு நாற்காலி, கருத்தம்மாள் வீட்டுச் சில்வர் தட்டு எல்லாம் வந்து சேர்ந்தன. தட்டில் வைக்கப் பால்கோவாவும் வந்தது. மகள் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போயிருந்ததால், இந்தக் கூத்தைத் தடுக்க ஆளில்லை.

உக்கிரபாண்டி நாற்காலியில் சாய்ந்து, ஃபேன் காற்றில் பால்கோவாவை ருசித்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார்.

“வசதியாத்தான இருக்கீய. பொறவு எதுக்கும்மா உதவித்தொகை?” என்று பேனாவை மூடினார்.

இரவல் என்று சொல்லப் பிச்சையம்மாளுக்கு மானம் தடுத்தது. மகள் முகம் நினைவுக்கு வந்ததும் மானமாவது, மண்ணாவது!

“சார், இதுல ஒண்ணுகூட என்னுது இல்ல சார்.”

“எல்லாரும் இப்படித்தாம்மா சொல்லுதாக.”

அந்த நேரம் பார்த்து வாசலில் கிருபாபாய் குரல் கேட்டது. “ஏட்டி பிச்சம்மா, ஆபீசர் போயிட்டாவளா? புழுக்கத்துல பிள்ள அழுவுதான், ஃபேனக் குடு.” உள்ளே ஆபீசரைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னாலேயே சீனியம்மாள். “எங்க வீட்டுக்கும் ஆள் வந்திருக்காவ, நாற்காலி...”

உக்கிரபாண்டி எழுந்து, நாற்காலியைத் தானே தூக்கிக் கொடுத்தார்.

“இந்தத் தட்டு யாருதும்மா?”

“கருத்தம்மா வீட்டுது சார்.”

“பால்கோவா?”

“அது மட்டும் என்னுது சார்.”

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உட்கார இடமில்லாமல், சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அவர் தெருமுனை தாண்டியதும் பிச்சையம்மாள் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

முத்துப்பேச்சி படித்து வேலைக்குப் போனாள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு நாலு நாற்காலி வாங்கிப் போட்டாள். அவை வீட்டில் தங்குவதே அபூர்வம். தெருவில் எந்தப் பிள்ளையின் சான்றிதழுக்கு ஆபீசர் வந்தாலும் பிச்சையம்மாளே ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஆனால், வாசலோடு நின்றுகொள்வாள்.

“ஏட்டி, கையெழுத்துப் போடட்டும். பொறவு உக்காரச் சொல்லலாம்.”