மூன்று பேர் பாரம்

அம்பிட்டியவில் எங்கள் வீட்டு இறக்கத்தில் இழுவை வண்டி இறங்காது. அதனால் காருக்கு எஞ்சின் மாற்ற மெக்கானிக்கே வீட்டுக்கு வந்தார். நல்ல தொந்தி, கறுப்புக் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. வந்தவர் காரைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே நீண்டிருந்த பலாக்கிளையைத்தான் அண்ணாந்து பார்த்தார். அதில் சாக்கைச் சுற்றி, வடக்கயிறு ஒன்றைக் கட்டி, இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டு தொங்கினார்.

“நீங்களும் புடிங்க சேர். வீட்டம்மாவையும் கூப்பிடுங்க.”

“எதுக்கு பாஸ்?”

“எஞ்சின் ரெண்டாள் பாரம். மூணு பேரத் தாங்குச்சுன்னா பயமில்ல.”

மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள். மூவரும் ஒரே கயிற்றில் தொங்கினோம். எதிர்வீட்டார் வேலியோரம் வந்து நின்றார்கள். கிளை லேசாக ஆடியதோடு சரி. அதன்பிறகுதான் அவர் செயின் புளொக்கை மாட்டிப் பழைய எஞ்சினைத் தூக்கினார்.

மறுநாள் மாற்று எஞ்சின் வந்தது. மனிதர் மறுபடியும் கயிற்றைக் கட்டினார்.

“நேத்துத்தானே பார்த்தோம்?” என்றேன்.

“நேத்துப் பார்த்தது நேத்தோட போச்சு சேர். ராவெல்லாம் மழை பேஞ்சிருக்கே.”

இந்த முறை மனைவி கூப்பிடாமலே வந்து கயிற்றைப் பிடித்தாள்.

மாலையில் சாவியைத் திருப்பியதும் கார் உறுமியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளையிலிருந்து சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“பயமில்லை” என்று எனக்குச் சொன்னவர்கள் பலர். சொல்வதற்கு முன் தானே தொங்கிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.