இடது காது

பேச்சியம்மாள் பட்டறைக்குள் வந்தபோது, நான் அவள் மகளின் முகத்தைக் கரண்டியால் தோண்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வராதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். எங்கே கேட்டாள்!

சங்கரன்கோவிலில் ஃபைபர் சிலைப் பட்டறையில் வெகுகாலம் குப்பை கொட்டியவள் நான். கம்பிக்கூட்டில் குளத்துக் களிமண்ணை அப்பி முகம் செய்வோம். கரிசல் மண் ஆகாது, காய்ந்தால் வெடிக்கும். வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துச் சரி என்றால்தான் மேலே பிளாஸ்டர் போட்டு மோல்டு எடுப்போம். மோல்டைப் பிரித்து, உள்ளே ஒட்டிய மண்ணைத் தோண்டிப் போட்டுவிட்டு, அந்தக் குழியில் ரெசின் பசையும் ஃபைபர் துணியும் வைத்துச் சிலை எடுப்போம்.

பேச்சியம்மாளுக்கு இளையரசனேந்தல் பக்கம். ஒரே மகள். ஸ்கூட்டரில் காலேஜுக்குப் போன பிள்ளை திரும்பவில்லை. கொண்டுவந்தது ஒரு பாஸ்போர்ட் போட்டோ. அதை வைத்துக் காது செய்வது குருட்டு வேலை.

மண்முகத்தைப் பார்க்க வந்த அன்று கண், மூக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள் இடது காதில் நின்றுவிட்டாள்.

"இப்படி இல்லக்கா. எம்மவளுக்கு இந்தக் காது மேல மடங்கியிருக்கும். வயித்துல இருக்கயிலயே அப்படிப் படுத்துட்டா போல."

"அப்ப நீயே செய்யி. கைய நனச்சிக்கோ."

கட்டைவிரலால் மெல்ல மடக்கினாள். "இப்பந்தான் இவ எம்மவ" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கவே கூடாது.

மறுநாள்தான் மோல்டு பிரித்தோம். தோண்டும்போது வந்து நின்றவள் அழவில்லை. குவியலில் கிடந்த மூக்கையும் உதட்டையும் பார்த்தாள்.

"இந்த மண்ண என்னக்கா செய்வீய?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பெசஞ்சி அடுத்த சிலைக்குப் போடுவோம்."

மோல்டின் இடுக்கில் இடது காது மட்டும் சிக்கியிருந்தது. அதை விரல் விட்டு முழுசாக எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் தடுக்கவில்லை.

சிலை நன்றாகவே வந்தது. காதுகூட அப்படியே மடங்கியிருந்தது. பெயிண்ட் அடித்து நானே வண்டியில் கூடப் போய் அவள் வீட்டில் இறக்கினேன். சொந்தக்காரர்கள் "உசுரோட நிக்க மாதிரில்லா இருக்கு" என்றார்கள். அவள் அதைத் தொடவே இல்லை. உள்ளே போய் ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்து திறந்தாள். காது காய்ந்து, வெடித்து, பாதி தூளாகிக் கிடந்தது.

"இத ஒட்டித் தருவியளாக்கா?"

இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் படிப்பது இதுதான்: மண் ஈரத்தில்தான் மண்ணோடு ஒட்டும். காய்ந்துவிட்டால் சேராது, தண்ணீர் விட்டால் கரைந்தே போகும். அவளிடமும் அதைத்தான் சொன்னேன்.

"அப்பம் தண்ணி படாம வச்சிக்கிடுதேன்" என்று டப்பாவை மூடினாள்.