மாதிரி எண்

தான் வடிவமைத்த இணையதளத்தில் இருக்கும் எண்ணை அழுத்தி, கைப்பேசியில் ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைக்கிறாள் பிரேமா. எதிரே உட்கார்ந்திருக்கும் லாட்ஜ்காரரின் சட்டைப் பையில் மணி அடிக்கிறது. "எடுங்க சார். எடுத்துப் பேசுங்க." எதிரெதிரே இருந்தபடி இருவரும் ஹலோ சொல்லிக்கொண்ட பிறகுதான் அவருடைய இணையதளத்தைத் திறந்துவிடுகிறாள்.

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் அவள் அறை. தட்டச்சு செய்யும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள். ஏதாவது ஒரு கடையின் தளத்தில் 'இங்கே உங்கள் உரை' என்ற மாதிரி வரி நீக்கப்படாமல் இருந்துவிட்டால் போதும், முன்பின் தெரியாத அந்தக் கடைக்கே போன் போட்டு, "அதாங்க உங்க உரையா?" என்று கேட்பாள்.

ஒரு காலத்தில் அவளும் அப்படி மாதிரியை விட்டுவைத்தவள்தான். பிஎச்பி என்ற கணினி மொழியில் அவள் எழுதிய டெம்ப்ளேட்டில் பக்கத்தின் அடிப்பகுதி ஒரு தனிக் கோப்பு. எல்லாப் பக்கங்களும் அதையே இழுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் எண் கொடுத்திருந்தால் அது வரும். கொடுக்காவிட்டால், இடம் காலியாகத் தெரியக் கூடாதென்று ஒரு மாதிரி எண் வந்து உட்காரும். பார்க்க அசல் எண் போலவே இருக்கும்.

தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டும் பூபாலன், புது சிம் வாங்கியதும் எண் தருவதாகச் சொன்னார். "இப்பத்திக்கி ஏதாச்சும் இருக்கட்டும்மா. ஓட வுடு." ஓடவிட்டாள். அவர் எண் தரவே இல்லை. கேட்டுக் கேட்டு அவளும் அலுத்துப்போனாள்.

ஒரு நண்பகல், சாப்பிட உட்கார்ந்தவளுக்கு அழைப்பு வந்தது. கே.ஜி.கண்டிகையிலிருந்து அபி என்ற பெண். "அக்கா, ஆம்புலன்ஸாக்கா? எங்க நைனாவுக்கு வாய் கோணிக்கினு போவுது. எவ்ளோ நேரமா அடிச்சும் மேல கீற நம்பருக்குப் போவவே இல்லக்கா. அதுக்கும் அடியில கீற நம்பருக்கு அடிச்சேன்."

பக்கத்தின் கடைசி வரியில், பொடி எழுத்தில், வடிவமைத்தவர் பிரேமா என்று போட்டு அவள் எண் இருந்தது. அந்தப் பக்கத்திலேயே உண்மையான எண் அது ஒன்றுதான்.

பூபாலனின் சொந்த எண்ணுக்கு அவளே அடித்து வண்டியை அனுப்பினாள். அபியின் அப்பா கண்ணையன் பிழைத்தார். கரும்பு வெட்டிய வலது கை மட்டும் எழவில்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் கையும் தப்பியிருக்கும் என்றார் டாக்டர்.

அன்று மாலையே பூபாலனின் ஷெட்டுக்குப் போனாள்.

"மாதிரி நம்பருதானம்மா? அதப் போயி யாராச்சும் நெசம்னு நம்புவாங்களா?" அவர் சிரித்தார்.

அதுவரை 'ங்க' போட்டே பேசிவந்தவள் கத்தினாள். "நைனா வாய் கோணிக்கினு கெடக்கறாரு, அந்தப் பொண்ணு எது மாதிரி எது நெசம்னு பாத்துக்கினு இருக்குமா? நீ நம்பர் தந்திருக்கணும். தராம நான் தொறந்திருக்கக் கூடாது. ரெண்டு பேருமா சேந்துதான்யா அந்த ஆளு கையப் புடுங்கிட்டோம்!" தெருவே திரும்பிப் பார்த்தது.

திரும்பி வந்ததும் டெம்ப்ளேட்டை மாற்றி எழுதினாள். எண் இல்லையென்றால் இப்போது மாதிரி வராது, தளமே திறக்காது. வெள்ளைத் திரையில் சிவப்பாக ஒரே வரி: 'தொலைபேசி எண் தரப்படவில்லை'. அசிங்கமாக இருக்கிறது என்று சொல்லிச் சிலர் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். "போவட்டும்" என்கிறாள்.

போன வாரம் என் தளம் விஷயமாக நான் அங்கிருந்தபோது ஒரு ஸ்கேன் சென்டர்காரர் வந்தார். "ஆடிக் கிருத்திகைக்குள்ள தொறந்துடணும். நம்பர் அப்புறமா தரேன். இப்போ சும்மா எதுனா அடிச்சு வுடும்மா."

பிரேமா, எண் கட்டம் காலியாக இருந்த திரையை அவர் பக்கம் திருப்பினாள். கீபோர்டைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.