உளுத்த பாறையும் ஏழுமலையின் கிணறும்

விழுப்புரம் ஜங்ஷனில் நான் இறங்கியபோது காலை ஐந்து மணி இருக்கும். 1961-ம் வருஷம் மே மாதம், பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. கையில் ஒரு தோல் பெட்டி, ஒரு கூஜா, ஒரு குடை. தனியாகப் போகிறாயே என்று வீட்டில் ஆளுக்கு ஒரு பாட்டு பாடினார்கள். நாற்பத்தைந்து பெண்களை ஒரே வகுப்பில் கட்டி மேய்க்கிறவளுக்கு ரயிலில் என்ன பயம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன்.

நான் மாயவரம் பக்கம். எங்கள் ஊரில் கல்லைப் பார்க்க வேண்டுமானால் கோயிலுக்குத்தான் போக வேண்டும். மற்றதெல்லாம் வண்டல். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு எட்டு வருஷமாகப் பூகோள வகுப்பில் பாறைச் சிதைவு என்ற பாடத்தை நடத்தி வருகிறேன். வெயிலில் பாறை விரியும், இரவில் சுருங்கும், மேல்தோல் உரியும், மழைநீர் விரிசலில் புகுந்து உள்ளே இருக்கும் சத்தைக் கரைக்கும், வேர் நுழைந்து பிளக்கும். கரும்பலகையில் படமும் போடுவேன். உரியும் பாறை ஒன்றை மட்டும் என் கண்ணால் பார்த்ததில்லை. இந்த வெட்கக்கேட்டை இந்த வருஷத்தோடு முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். ஆசிரியப் பயிற்சியில் என்னோடு படித்த சரோஜா, திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஆரம்பப் பள்ளியில் வேலை பார்க்கிறாள். நீ தேடும் பாறை எங்கள் ஊரில் காலை இடறும், வா என்று எப்போதோ சொல்லியிருந்தாள்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் இருபத்துமூன்று மைல். ஆறரை மணி பாசஞ்சரில் ஏறினேன். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி. பேரணி தாண்டியதும் பூமியின் குணம் மாறியது. வயல் நடுவே யானை படுத்திருப்பதுபோல் கரும்பாறைகள். ஒன்றின்மேல் அதைவிடப் பெரிய ஒன்று, இப்போதே உருண்டுவிடும்போல. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்ப்பதைக் கண்ட எதிர் ஆசனத்து அம்மாள், மடியில் இருந்த வறுத்த மல்லாட்டையை, எங்கள் ஊர் வேர்க்கடலையை, எனக்கும் ஒரு கை கொடுத்து, “இன்னாத்தம்மா அப்படிப் பாத்துக்கினு வர்றே? யாராவது வர்றாங்களா?” என்றாள். பாறையைப் பார்க்கிறேன் என்றேன். அவள் அதற்குமேல் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

திண்டிவனத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குச் செஞ்சி பஸ். டிக்கெட் ஐம்பது நயா பைசா. நாலைந்து மைல் போனதும் என்ஜின் கொதித்து நின்றது. டிரைவர் தகர டப்பாவை எடுத்துக்கொண்டு குட்டைக்குத் தண்ணீர் தேடிப் போனார். பஸ் நின்ற இடத்தில் சாலைக்காக ஒரு மேட்டை வெட்டியிருந்தார்கள். வெட்டின சுவரைப் பார்த்ததும் எனக்குக் கை கால் பரபரத்தது. சுவர் முழுக்கப் பழுப்பும் இளஞ்சிவப்புமாக உளுத்த பாறை. பாறைக்கு உரிய வரிகள் எல்லாம் வரிசை மாறாமல் அப்படியே இருந்தன. ஆனால் விரலால் அழுத்தினால் பொலபொலவென்று மாவாக உதிர்ந்தது. அதன் நடுவே ஓர் அறை அகலத்துக்கு ஒரு குண்டுக்கல், உளுக்காமல், கருகருவென்று. அதைச் சுற்றி வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உளுத்த தோல்கள், கல்லின் தோள் வளைந்த பக்கமெல்லாம் தாங்களும் வளைந்து கீழே இறங்கின. நான் கரும்பலகையில் போட்ட படம் எவ்வளவு தரித்திரமான படம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு தோலைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் மறித்தார். “அம்மா, கல்லுக்கு லக்கேஜ் போடணும்.”

“போடுங்கள், செஞ்சி போவதற்குள் அது மண்ணாகிவிடும். மண்ணுக்கு என்ன சார்ஜ்?” என்றேன். பஸ்ஸே சிரித்தது.

பதினொரு மணிக்குச் சரோஜா வீட்டில் இருந்தேன். கேப்பைக் கூழும் மல்லாட்டைத் துவையலும் வைத்தாள். பயிற்சிப் பள்ளியில் எங்களையெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்க வைத்தவள், சிரிக்கவே இல்லை. என்னடி என்று கேட்டதும் கொட்டிவிட்டாள்.

அவள் புருஷன் ஏழுமலைக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். மழையை நம்பி மல்லாட்டை போட்டு அலுத்துப்போய், இந்தக் கோடையில் கிணறு வெட்ட ஆரம்பித்தார். இருபது அடி ஆழத்துக்குமேல் போய்ப் பாறையில் முட்டிக்கொண்டது. வெடி வைத்துப் பிளக்க வசதி இல்லை. செஞ்சியிலிருந்து ஒரு மல்லாட்டை மண்டிக்காரர் நிலத்தைக் கேட்கிறார், நாளை சாயங்காலம் பேசி முடிக்க வருகிறார். நிலத்தை விற்றுவிட்டு நெய்வேலிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்விடுவது என்று ஏழுமலை முடிவே செய்துவிட்டார்.

“என் பள்ளிக்கூடத்தை விட்டுட்டு நான் எங்கடி போவேன்? அவரும் மனசார போகல. ராத்திரியெல்லாம் தூங்காம புரள்றாரு” என்றாள்.

சாப்பிட்ட கையோடு கிணற்றைப் பார்க்கப் போனோம். சதுரமான பெரிய கிணறு. கரையில் ஏழுமலையும், கிணறு வெட்டும் கூட்டத்தின் மேஸ்திரி கன்னியப்பனும் நின்றிருந்தார்கள். ஆட்கள் கூடைகளைக் கட்டி மூட்டையாக வைத்துவிட்டார்கள். கிணற்றின் அடியில் வழவழவென்று கரும்பாறை, அதன் நடுவே அறுத்த எலுமிச்சம்பழமும் கற்பூரம் எரிந்த கரியும்.

“மணி அடிச்சிடுச்சும்மா” என்றார் கன்னியப்பன். கடப்பாரை போட்டதும் பாறை கணீரென்று சொன்னால் அதுதான் அவர்களுக்கு மணி. பூமி தன் முதுகைக் காட்டிவிட்டாள் என்று அர்த்தம். கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுக் கரையேறிவிடுவார்கள். கும்பிட்ட தரையில் மறுபடி இரும்பு படக் கூடாது. பட்டால் வெட்டினவன் வீட்டில் ஓர் உயிர் போகும் என்பது அந்தக் கூட்டத்தின் நம்பிக்கை.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் இறங்கினேன். மூன்று பக்கம் பாறை மட்டமாகப் போய்ச் சுவரில் முட்டியது. வடக்குப் பக்கம் மட்டும் தரை லேசாகச் சரிந்தது. அங்கே சுவரில் உளுத்த தோல்கள் அடுக்கடுக்காக, சரிவோடு சேர்ந்து கீழ்நோக்கி வளைந்திருந்தன. காலையில் சாலையோரம் பார்த்த அதே வளைவு. எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை.

“இது பூமியின் முதுகு இல்லை. இது ஒரு குண்டுக்கல்! இதற்குக் கீழே மறுபடியும் உளுத்த பாறைதான். தண்ணீர் நிற்பது அதில்தான்” என்று கீழிருந்தே கத்தினேன்.

கன்னியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. “குண்டுக்கல்லு எங்களுக்குத் தெரியாதாம்மா? வண்டி பெருசு, வூடு பெருசுன்னு எத்தினி பாத்துக்கினு இருக்கோம். கெணத்தடி முச்சூடும் ரொப்பிக்கினு ஒரே கல்லு கெடக்குமா?”

“கிடக்கும். வடக்கு ஓரத்தில் இரண்டு போடு போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.”

“கும்பிட்ட எடம்மா. நீங்க ஊருக்குப் போயிடுவீங்க. எங்க வூட்டுல புள்ளகுட்டி இருக்குது.”

நான் ஏறி வந்து வாதாடினேன். விஞ்ஞானம் என்றேன், மூடநம்பிக்கை என்றேன். வகுப்பில் பேசும் குரலில் பேசிவிட்டேன் என்று நினைக்கிறேன். கன்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பேஜாரு வேணாங்க, நாங்க கெளம்புறோம்” என்று ஏழுமலையிடம் சொன்னார். ஏழுமலை யார் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. உண்மை கண்ணெதிரே இருக்கிறது, ஒரு கடப்பாரைக் குத்து தூரத்தில் இருக்கிறது, ஒரு குடும்பம் மூட்டை கட்டப்போகிறது.

அப்போதுதான் சரோஜா வாயைத் திறந்தாள். “மேஸ்திரி, தரையில இரும்பு படக்கூடாது, சரி. சொவத்துல படலாமா?”

கன்னியப்பன் யோசித்தார். “சொவுரு நெலத்துக்காரருதும்மா. தரதான் பூமாதேவிது.”

“அப்ப வடக்குச் சொவத்தக் கொடைஞ்சிக்கினே போங்க. கல்ல தொடாதீங்க. டீச்சர் சொல்றாப்பல கல்லு வளஞ்சி எறங்குச்சுன்னா நீங்களும் அதோட பக்கத்துலயே எறங்குங்க. எறங்கலன்னா கூடைய தூக்கிக்கினு போங்க.”

கன்னியப்பன் முகமெல்லாம் சிரிப்பாக, “இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” என்று கூடை மூட்டையை அவிழ்த்தார். நான் எட்டு வருஷப் பூகோளத்தை வைத்துக்கொண்டு முட்டிமோதிய கதவை இவள் தள்ளித் திறந்துவிட்டாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் வடக்குச் சுவரைக் குடைந்தார்கள். உளுத்த பாறையாதலால் கடப்பாரைக்கு வெண்ணெயாக வந்தது. ஆள் நிற்கிற அளவு பொந்து விழுந்தது. கல் வளைந்து இறங்கியது. நான் சொன்னதைவிட அதிகமாகவே வளைந்தது. மத்தியானத்துக்குமேல் கன்னியப்பன் கல்லை ஒட்டி நேர்கீழே ஒரு குத்துப் போட்டார். பொத்தென்று சத்தம். அடுத்தது இன்னும் ஆழமாகப் பொத்தென்றது. அவர் கடப்பாரையை உருவி நுனியை நிமிர்த்தி எங்களுக்குக் காட்டினார். சிவப்பாக ஈரச் சேறு ஒட்டியிருந்தது. கரையில் நின்ற நான் கைதட்டிவிட்டேன்.

நாலு மணிக்கு மண்டிக்காரர் வில்வண்டியில் வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டு, குடையை ஊன்றிக் கிணற்றை எட்டிப் பார்த்தார். ஏழுமலை உள்ளே இருந்தார். கல்லுக்கு அடியில் தோள்வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டு ஏறி வந்து, மண்டிக்காரருக்கு முன்னால் விரித்தார்.

“ஈரம்தானேப்பா இது. தண்ணி எங்க இருக்குது?” என்றார் மண்டிக்காரர். அவர் சொன்னதும் பொய் இல்லை. சரோஜா என் கையைப் பிடித்திருந்தாள்.

ஏழுமலை அந்த மண்ணைக் கீழே போடவில்லை. “தண்ணி வர்றதுக்கு டைம் ஆவுங்க. எனக்கு டைம் இருக்குது” என்றார். பிறகு சரோஜாவைப் பார்த்து, “ஐயாவுக்கு மோர் குடு. வெயில்ல வந்துக்கினு இருக்காரு” என்றார்.

மண்டிக்காரர் மோரைக் குடித்துவிட்டு, நெய்வேலியில் ஆள் எடுப்பது நின்றுவிடப் போகிறது பார் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

மறுநாள் காலை எட்டு மணி பஸ்ஸுக்காகச் சாலைக்கு வந்தேன். வரும் வழியில் கிணற்றை எட்டிப் பார்த்தேன். பொந்தின் அடியில் உள்ளங்கால் நனைகிற அளவு செந்நீர் ஊறியிருந்தது. பாறைச் சிதைவு என்று எட்டு வருஷமாக நான் நடத்திய பாடத்தில் பாறைக்கு நேர்கிற நாசத்தை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். உளுக்காத பாறை ஒரு சொட்டுத் தண்ணீரைப் பிடித்து வைக்காது. அது உளுத்து, உதிர்ந்து, மண்ணாகி வழிவிடுகிற இடத்தில்தான் மனிதன் குடியிருக்கிறான். எங்கள் ஊர் வண்டலும் ஏதோ ஒரு மலை உதிர்ந்து ஆற்றோடு வந்ததுதான். மாயவரத்தில் பத்தடி தோண்டித் தண்ணீர் மொண்டு குடித்த காலமெல்லாம் அதை நான் நினைத்ததே இல்லை. இனி என் பெண்களுக்கு அந்தப் பாடத்தை வேறு மாதிரிதான் நடத்தப்போகிறேன்.

பஸ் வந்தது. சரோஜா பெட்டியை ஏற்றினாள். ஏழுமலை முழங்கால்வரை செஞ்சேற்றோடு வயல் வழியே ஓடிவந்தார். என்னிடம் சொல்லிக்கொள்ளத்தான் வருகிறார் என்று நினைத்துக் கையைக் கூப்பினேன். அவர் என்னைத் தாண்டி கண்டக்டரிடம் போய், “அண்ணே, திண்டிவனத்துலருந்து திரும்பி வர்றப்ப கத்திரி வெதை ஒரு பொட்டலம் வாங்கிக்கினு வாங்க” என்றார்.

ஒரு குடம் மொள்ளும் அளவுக்குக்கூட அந்தக் கிணற்றில் இன்னும் தண்ணீர் ஊறவில்லை.